அட்டை டாங்கியும் இல்லாத ராடாரும்

இன்னும் பத்து ஆண்டுக்குப் பெரிய போர் வராது என்று 1919இல் பிரிட்டன் ஒரு கணக்குப் போட்டது. ராணுவச் செலவு அதன்படி வெட்டப்பட்டது. 1919-20இல் 76.6 கோடி பவுண்டாக இருந்த தொகை 1932இல் 10.2 கோடிக்கு இறங்கியது. 1928இல் அந்தப் பத்தாண்டை நாள்தோறும் புதிதாக எண்ணும்படி செய்தவர், அன்றைய நிதியமைச்சர் சர்ச்சில். ஆம், அதே சர்ச்சில்தான்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் கையை வெர்சாய் ஒப்பந்தம் கட்டிப்போட்டது. ஒரு லட்சம் பேருக்கு மேல் படை கூடாது. டாங்கியும் போர் விமானமும் அறவே கூடாது.

டாங்கியை முதலில் களத்தில் இறக்கியது பிரிட்டன். டாங்கி, பீரங்கி, வண்டியேறிய காலாட்படை எல்லாம் சேர்ந்து இயங்கும் சோதனைப் படையை 1927இல் சாலிஸ்பரி சமவெளியில் ஓட்டிப் பார்த்ததும் அதுதான். 1929இல் அந்தப் படையைக் கலைத்துவிட்டது. விக்கர்ஸ் கம்பெனியின் ஆறு டன் டாங்கியைப் பிரிட்டிஷ் ராணுவம் வேண்டாமென்றது. சோவியத் நாடு வாங்கிப்போய், அதையே டி-26 ஆக்கி ஆயிரக்கணக்கில் செய்தது.

டாங்கியே இல்லாத ஜெர்மனியோ, தோற்ற போரைப் படிக்க 57 குழுக்களை அமைத்தது. நானூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் உட்கார்ந்து எழுதினார்கள். பயிற்சிக் களத்தில் அட்டையாலும் துணியாலும் செய்த பொய் டாங்கிகள் ஓடின. பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் துணியைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டதை ஜெர்மன் டாங்கித் தளபதி குடேரியன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நிஜ டாங்கியைப் பழக, சோவியத் மண்ணில் கசான் அருகே 1929 முதல் 1933 வரை ரகசியப் பள்ளி நடந்தது. ஒப்பந்த மீறல்தான், சந்தேகமில்லை. ஹிட்லர் பணத்தைக் கொட்டியபோது, எதை வாங்குவது, எப்படி ஓட்டுவது என்ற விடை தயாராக இருந்தது.

இதை வைத்து ஜெர்மானியரே கெட்டிக்காரர்கள் என்று தீர்ப்பெழுதினால் தவறு. ராடாரில் கதை தலைகீழ். 1935 பிப்ரவரி 26 அன்று பிரிட்டனின் டாவென்ட்ரி அருகே, பிபிசி ஒலிபரப்பின் அலையைக் கொண்டே, பறந்த விமானம் ஒன்றை எட்டு மைல் தொலைவில் கண்டார்கள். மறு ஆண்டே பிகின் ஹில் தளத்தில் ஒத்திகை. ராடார் முழுதாகத் தயாராகவில்லை. அது இருப்பதாகவே வைத்துக்கொண்டு, எதிரி நிற்கும் இடத்தைச் சொல்லிச் சொல்லிச் சண்டை விமானங்களை ஏவிப் பழகினார்கள். ஜெர்மனியின் ஃபிரேயா ராடார் கருவி என்ற அளவில் சளைத்ததல்ல. ஆனால் கருவி, தொலைபேசி, கட்டளை அறை, விமானம் நான்கையும் கோத்த அமைப்பு 1940இல் பிரிட்டனிடம்தான் இருந்தது.

அந்த அமைப்பு கோடையில் பிரிட்டனைக் காத்தது. அதே ஆண்டு மே மாதம் ஜெர்மன் டாங்கிகள் பிரான்சுக்குள் பாய்ந்தபோது, பிரிட்டனின் முதல் கவசப் பிரிவு அங்கே இன்னும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.