கியர் சைக்கிளில் செயின் உரசுதா? ஸ்க்ரூவைத் தொடும் முன் இதை கவனிங்க!

ரோடு சைக்கிளின் பெடல் பக்கம் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல் சக்கரங்கள் இருந்தால், அது காம்பேக்ட் கிராங்க்செட். முன்னால் 34-லும், பின்னால் இருப்பதிலேயே சிறிய பல் சக்கரத்திலும் ஓட்டினால், செயின் சாய்ந்து பக்கத்தில் உள்ள 50-ல் உரசும். இது ரிப்பேர் இல்லை. பின்னால் ஒன்றிரண்டு கியர் மாத்தினாலே சத்தம் நின்றுவிடும்.

அட்ஜஸ்ட் செய்வது எப்போது?

முன்னால் 34, பின்னால் இருப்பதிலேயே பெரியது என வைத்தும், செயினை நகர்த்தும் முன்பக்க டீரெய்லரின் உள் தகட்டில் உரசினால், முதலில் கியர் கேபிள் ரொம்ப இறுக்கமா இருக்கானு பாருங்க. கேபிள் சரி என்றால், 'எல்' ஸ்க்ரூவை கால் சுற்று மட்டும் லூஸ் செய்ய வேண்டும். செயினுக்கும் தகட்டுக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகமாக லூஸ் செய்தால், ஓட்டும்போதே செயின் உள்பக்கம் கழன்று விழும் ஆபத்து உண்டு.