பிளஸ் டூ விடுமுறை: கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவு வரும் வரை உள்ள நாட்களை நம் பிள்ளைகள் பலர் வீணே கழித்துவிடுகின்றனர். விண்ணப்பம் தொடங்கிய பிறகு சான்றிதழுக்காக அலைகிறோம். எனவே இப்போதே கவனிப்போம்.

சாதிச் சான்றிதழ்: தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு உள்ளது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), ஷேக், சையத், தக்னி முஸ்லிம் முதலிய பிரிவினர் இப்பட்டியலில் வருகின்றனர். சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

பெயர்: ஆதாரில் 'முகமது', பள்ளிப் பதிவில் 'முஹம்மத்' என்றிருந்தால் உடனே திருத்துங்கள். இன்ஷியலையும் சரிபாருங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்: குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லையெனில், கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

அரசுப் பள்ளி மாணவர்கள்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உள்ளது. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்று வாங்கி வையுங்கள்.

படித்த இளைஞர்கள் சிலரை மஹல்லா ஜமாஅத்துகள் இந்த உதவிக்கு நியமித்தால், ஒரு தாளுக்காக ஒரு பிள்ளையின் இடம் பறிபோகாது.