வியாசர்பாடி வாரியக் குடியிருப்புகள்: வாடகையிலிருந்து கிரயப் பத்திரம் வரை

அரசு கட்டிய வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கே அவ்வீட்டைச் சலுகை விலையில் விற்பது பல நாடுகளில் கையாளப்பட்ட வீட்டுவசதிக் கொள்கையாகும். வடசென்னையின் வியாசர்பாடியில் இச்சலுகை விலைத் தள்ளுபடியாக அன்றி, மானியம், நீண்டகாலத் தவணை, வட்டித் தள்ளுபடி ஆகிய வடிவங்களில் வந்தது.

பின்னணி

பின்னி ஆலைகள், துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பட்டறைகள் ஆகியவற்றை நம்பி வந்த தொழிலாளர்கள் கால்வாய்க் கரைகளில் குடிசைகள் அமைத்து வாழ்ந்தனர். 1961-இல் வீட்டுவசதி வாரியமும், 1970-இல் குடிசை மாற்று வாரியமும் உருவாயின. மகாகவி பாரதி நகர் முதல் வாரியத்தின் பணி. சத்தியமூர்த்தி நகர் போன்ற அடுக்குமாடிகள் இரண்டாவதன் பணி. குடிசை மாற்று வாரிய வீடுகளின் வாடகை மிகக் குறைவு. அதுவும் நிலுவையில் நின்றதால் பராமரிப்புக்குப் பணம் போதவில்லை.

உடைமை நோக்கி

உலக வங்கி உதவியுடன் 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் போக்கை மாற்றியது. வியாசர்பாடியை அடுத்த கொடுங்கையூரிலும், அரும்பாக்கம், வில்லிவாக்கத்திலும் சிறு மனைகள் தவணை முறையில் விற்கப்பட்டன. பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, ஏழைகளின் மனை விலை குறைக்கப்பட்டது. வாரிய வாடகை வீடுகளும் காலப்போக்கில் தவணைக் கொள்முதலுக்கு மாற்றப்பட்டன. வீட்டுவசதி வாரிய ஒதுக்கீடுதாரர்கள் நிலுவையை மொத்தமாகச் செலுத்தினால் அபராத வட்டியைத் தள்ளுபடி செய்யும் அரசாணைகள் பலமுறை வெளிவந்தன.

பிரித்தானிய ஒப்பீடு

பிரித்தானியாவின் 1980-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், மூன்று ஆண்டுகள் குடியிருந்தவருக்குச் சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி அளித்தது. குடியிருந்த காலத்துக்கேற்ப அது 50 விழுக்காடு வரை உயர்ந்தது. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் போதிய வீடுகள் கட்டப்படாததால் வாடகை வீடுகள் அருகின. இத்திட்டத்தை ஸ்காட்லாந்து 2016-இலும், வேல்ஸ் 2019-இலும் முடிவுக்குக் கொண்டுவந்தன. இங்கிலாந்து 2024 நவம்பரில் தள்ளுபடியின் உச்சவரம்பைப் பெரிதும் குறைத்தது.

பத்திரமும் மனைப் பங்கும்

சென்னையில் சிக்கல் வேறு. கட்டடம் நின்ற நிலம் வேறொரு அரசுத் துறையின் பெயரில் இருந்தால், அது வாரியத்துக்கு மாற்றப்படும் வரை கிரயப் பத்திரம் பதிவாகாது. இதனால் தவணை முழுவதையும் கட்டியவர்களும் காத்திருக்க நேர்ந்தது. முதல் ஒதுக்கீடுதாரர் வெறும் ஒப்பந்தத்தின் பேரில் கைமாற்றிய வீட்டில் இருப்பவர் நிலை இன்னும் கடினம்.

அக்காலக் கட்டடங்கள் பல இன்று பழுதடைந்து, இடித்துக் கட்ட வேண்டிய நிலையில் உள்ளன. சுவரும் கூரையும் போனபின் எஞ்சுவது நிலத்திலுள்ள பிரிபடாத பங்கு மட்டுமே. பத்திரம் உள்ளவர் அப்பங்கின் உரிமையாளராகப் பேசலாம். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் உள்ளவர் அரசின் முடிவைச் சார்ந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரு பங்கு உரிமையாளர்களின் இசைவு போதும் என்கிறது. 2021-இல் குடிசை மாற்று வாரியம், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பத்திரம் வழங்கும் பணி பெயர் மாற்றத்துக்குப் பின்னும் தொடர்கிறது.