சோழியும் தொலைநோக்கியும்

நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. உயரம் 15 அடி. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டி முடித்த மதராஸ் வானாய்வகத்தின் கருவியைச் சுமந்த தூண் அது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதன்மேல் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவனும், ஆசியாவில் கணித விஞ்ஞானம் பிரிட்டிஷாரின் தாராளத்தால் முதன்முதலாக எப்போது ஊன்றப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த வாசகத்தின் சாரம்.

கல்லில் வெட்டியதாலேயே ஒரு வாக்கியம் உண்மையாகிவிடுவதில்லை. இந்த வாக்கியத்துக்கு எதிரான சாட்சியம் அதே வானாய்வகத்தின் பொறுப்பில் சில காலம் இருந்த ஜான் வாரனிடமிருந்தே வந்தது. 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்ற தன் நூலில், புதுச்சேரியில் தான் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, அந்த வருஷம் மே 31 - ஜூன் 1இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம். பிழை இவ்வளவுதான்.

அவர் கையாண்டது வாக்கிய முறை. சந்திரன் பூமியை நெருங்கி விலகும் சுற்று ஒன்பது முறை நிறைய ஏறக்குறைய 248 நாட்கள் ஆகின்றன. நாளுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இலக்கம். வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் நிற்குமிடம் வந்துவிடும். 1952இல் இதை ஆராய்ந்த ஆட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்றாளர், இந்தக் கணக்கின் எலும்புக்கூட்டில் பாபிலோனியாவின் சாயலைக் கண்டார். களிமண் பலகைகளோடு செத்துப்போய்விட்டதாகக் கருதப்பட்ட ஒன்று, இருபது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தமிழ்நாட்டில் ஒருவர் நாக்கில் உயிரோடு இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் நமக்கு இரண்டு சுலபமான பாதைகள் திறக்கின்றன. நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டிக்கொள்வது ஒன்று. வெறும் உருப்போட்ட சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டுமே சிந்திக்கும் சிரமத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றன என்பதுதான் அவற்றின் கவர்ச்சி.

வாரன் சொன்ன இன்னொரு விஷயத்தை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு, தான் செய்கிற கணக்கு ஏன் பலிக்கிறது என்பது தெரியாது. ஆகவே ஏன் தவறுகிறது என்பதும் தெரிந்திருக்க வழியில்லை. 52 நிமிஷத்தை அளந்தது வாரன். சோழிகளிலிருந்து வானத்துக்கு ஒரு பாதை இருந்தது. வானத்திலிருந்து சோழிகளுக்குத் திரும்பும் பாதை இல்லை. ஓர் அறிவு மரபு எப்போது சடங்காகிறது என்று கேட்டால், இந்தத் திரும்பும் பாதை அடைபடும்போது என்றே சொல்லத் தோன்றுகிறது. இலக்கியத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் அந்தப் பாதை கப்பலில் வந்து இறங்கியதல்ல. கேரளத்தின் பரமேஸ்வரர் பல ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ என்ற திருத்திய முறையை வகுத்தார். திருக் என்றால் பார்வை. பார்த்ததைக் கொண்டு கணக்கைத் திருத்துவது. தூண் சொல்வது பொய் என்பதற்கு இது போதும். மரபு என்றால் மாற்றாமல் காப்பது என்று நினைக்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நின்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சனின் கீழ் உதவியாளராக இருந்தவர். 1867இல் ரெட்டிக்குலம் என்ற தென்வானக் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். தொலைநோக்கியின் அளவுகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டவரும் அவரே. 1874 டிசம்பர் 9இல் வெள்ளி, சூரியனின் முகத்தைக் கடக்கவிருந்தபோது, அதை ஜனங்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் கன்னடத்திலும் உருதுவிலும் அது வந்தது. நூலின் வடிவம் உரையாடல்: ஒரு சித்தாந்தி கேட்கிறார், வானியலாளர் பதில் சொல்கிறார்.

இந்த வடிவத் தேர்வு அலங்காரமல்ல. வாசகனுக்கு ஏற்கனவே ஒரு வானம் இருக்கிறது, அதில் கணக்கு இருக்கிறது, அதோடு வாதாடித்தான் புதிய வானத்தைத் தர முடியும் என்ற பிரக்ஞை அதில் இருக்கிறது. இன்று தமிழில் எழுதப்படும் வானியல் விளக்கங்களில் பெரும்பாலானவை வாசகனை வாய்பிளந்து நிற்பவனாகவே வைத்துக்கொள்கின்றன. எத்தனை கோடி ஒளியாண்டு என்று சொல்கிறார்கள். அது எப்படி அளக்கப்பட்டது என்று சொல்வதில்லை. வியப்பை மட்டும் கொடுத்து முறையை மறைப்பது, சோழிக்காரருக்கு நேர்ந்த கதியை வாசகனுக்கும் நேரச் செய்வதுதான்.

ரகுநாதாச்சாரி 1880இல் இறந்தார். அவர் எழுப்பிய வழக்கு தீரவில்லை. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17இல். வாக்கியப்படி திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20இல். ஒரே கிரகம், பதினோரு மாத வித்தியாசம். 4 நிமிஷப் பிழையில் நின்றிருந்த மரபு, திருத்தப்படாமல் விட்டால் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. ஜோதிடம் உண்மையா என்பது வேறு கேள்வி. சனி வானத்தில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

மறுபுறம், தூணின் வம்சம் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் போயிற்று. 1971இல் அந்த ஸ்தாபனமே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான்இயற்பியல் நிறுவனமாயிற்று. காவலூரில் அது நிறுவிய 93 அங்குலத் தொலைநோக்கி 1986இல் செயலுக்கு வந்தது. 1868, 1871 சூரிய கிரகணங்களின்போது சூரியனின் வெளிமண்டலத்தைப் பார்க்க உலகெங்குமிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தவை சில நிமிஷங்களே. 1868இல் கண்ட ஒரு மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்ற பெயர் பெற்றது. அந்த வாயுவைப் பூமியில் பிரித்தெடுத்தது 1895இல். அந்தச் சில நிமிஷங்களை நிரந்தரமாக்க, சூரிய வட்டை உள்ளேயே மறைத்துக்கொள்ளும் ஒரு கருவியை அதே நிறுவனம் செய்தது. 2023 செப்டம்பர் 2இல் ஆதித்யா எல்-1 அதைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 2024 ஜனவரி 6இல், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், தன் சுற்றுப்பாதையில் சேர்ந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தென்மேற்கே, பழவேற்காட்டு ஏரிக்கு இந்தப் பக்கம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது தேர்வாய் கண்டிகை. வானம் தெளிந்திருக்கும் நாளில் ராக்கெட்டின் நெருப்புக் கோடு அந்த வட்டாரத்துக்கெல்லாம் தெரியும். ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமும் காடுமாக இருந்த இடத்தில் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை. இரவு முழுக்க விளக்குகள். பால்வீதியைக் காண இருட்டு வேண்டும். சூரியனின் வெளிமண்டலத்தை எந்நேரமும் பார்க்கும் வல்லமை நமக்கு வந்துகொண்டிருக்கிற அதே வருஷங்களில், அண்ணாந்து பார்த்து எதையும் சரிபார்க்கும் வாய்ப்பை ஓர் ஊர் இழந்துகொண்டிருக்கிறது.

இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. கிரகணம் இத்தனை மணிக்கு என்று பஞ்சாங்கம் சொன்னால் நம்புகிறோம். செயற்கைக்கோள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று செய்தி சொன்னாலும் நம்புகிறோம். இரண்டிலும் நம் கையில் இருப்பது சோழிதான். 52 நிமிஷத்தை அளக்கும் கண்ணைத் தமிழில் யார் வளர்க்கப்போகிறார்கள் என்ற கேள்வி, 1874இல் போலவே, அப்படியே இருக்கிறது.