பிளெமிங் சொன்ன கதையும் நம் வீட்டுக் குளிசைகளும்

கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் எல்லைகளாய் அமைந்த எங்கள் ஆரையம்பதியில், பிள்ளைகளின் தொண்டை நோவை எவரும் பெரிய வியாதியாக எண்ணுவதில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் மாறிவிடும் என்பர். வைரசினால் வந்ததெனில் தானாகவே மாறியும் விடும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் சங்கிலி வடிவக் கிருமியின் கதை வேறு.

இக்கிருமியின் மேற்புறத்திலுள்ள 'எம்' புரதம் இருதயத் திசுவின் சாயல் கொண்டது. கிருமியை எதிர்க்க உடல் திரட்டும் படை, அச்சாயலில் மயங்கிச் சொந்த இருதயத்தையே தாக்குவதுண்டு. தொண்டை ஆறிச் சில வாரங்களின் பின் மூட்டுகள் வீங்கும். இருதய வால்வுகள் பழுதுபடும். இதுவே வாதக்காய்ச்சல். இதற்கு ஆளான பிள்ளை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

1928 இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையில் ஒரு கதை சொன்னார். தொண்டை நோவுற்ற ஒருவர் தாமாகவே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறார். சாகாத ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மருந்துக்குப் பழகி, அவர் மனைவியைத் தொற்றுகிறது. மருந்து பலிக்காமல் அவர் இறக்கிறார்.

எண்பது ஆண்டுகள் கழிந்தும், தொண்டையைத் தாக்கும் 'ஏ' பிரிவுக் கிருமி பெனிசிலினை வெல்லவில்லை. இது நமக்கு வாய்த்த பெரும்பேறு. ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த நியூமோகொக்கஸ் வென்றது. 1967 இல் அவுஸ்திரேலியாவில் அதன் எதிர்ப்பாற்றல் அறியப்பட்டது. 1977 இல், தமிழர் பலர் வாழும் தென்னாபிரிக்க டர்பன் நகரில் பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. பெனிசிலின் ஒவ்வாதோருக்குத் தரப்படும் எரித்ரோமைசினையோ 'ஏ' பிரிவுக் கிருமியே எதிர்க்கக் கற்றுக்கொண்டது. பின்லாந்தில் 1992 இல் அத்தகைய கிருமிகள் 16.5 வீதம். அவ்வகை மருந்துகளின் பாவனையை நாடே குறைத்தது. 1996 இல் அது 8.6 வீதமாயிற்று.

மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் மிகுதிக் குளிசைகளை அலுமாரியில் வைத்து, அடுத்த பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை எங்கள் பகுதியில் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பிளெமிங்கின் கதை அவ்வீடுகளுக்கும் உரியது. வைத்தியர் 10 நாள் என்றால் 10 நாளும் கொடுங்கள். இரண்டாம் பிள்ளைக்கு நோ வந்தால், அலுமாரியைத் திறவாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். காக்கப்படுவது தொண்டை மட்டுமன்று, பிள்ளையின் இருதயமும்தான்.