பென் ஜோன்சனின் வணிகன் கொர்வினோவும் அவன் காலமும்

வரலாறு எழுதுவோர் அரச கட்டளைகளையும் உடன்படிக்கைகளையும் கணக்கேடுகளையும் சான்றுகளாகக் கொள்வர். நகைச்சுவை நாடகங்களை அவர்கள் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு காலத்து மாந்தர் எதனைக் கண்டு அஞ்சினர், எதனைக் கண்டு எள்ளி நகைத்தனர் என்பதை அறிதற்கு அந்நாடகங்களிலும் சிறந்த சான்று வேறில்லை. அத்தகைய சான்றுகளுள் ஒன்று, 1606 ஆம் ஆண்டில் இலண்டன் குளோப் அரங்கிலே மன்னர் குழுவினரால் நடிக்கப்பெற்ற 'வொல்போனே' என்னும் நாடகமாகும். அதனை இயற்றியவர் பென் ஜோன்சன் (1572 - 1637). அந்நாடகத்திலே வரும் கொர்வினோ என்னும் வணிகனை ஆராயுமிடத்து, அக்காலத்துச் செல்வர் உள்ளத்தின் உட்கிடை நன்கு புலனாகின்றது.

நாடகக் கதை வெனிசு நகரிலே நிகழ்கின்றது. வொல்போனே என்பான் மக்கட்பேறற்ற பெருஞ் செல்வன். அவன் சாகக் கிடப்பவன்போல் நடித்து, தன் சொத்துக்கு உரிமையாளராக விரும்பும் மூவரிடமிருந்து விலையுயர்ந்த கையுறைகளைப் பெற்றுக்கொண்டேயிருக்கின்றான். இவ்வஞ்சகத்துக்குத் துணை நிற்பவன் அவனை அண்டிப் பிழைக்கும் மொஸ்கா. வொல்போனே என்பது நரி; மொஸ்கா என்பது ஈ. பிணத்தை வட்டமிடும் பறவைகளாக வருவோர் வொல்தோரே என்னும் வழக்கறிஞன், கொர்பாச்சியோ என்னும் கிழவன், கொர்வினோ என்னும் வணிகன் ஆகிய மூவர். அவர்தம் பெயர்கள் முறையே கழுகு, அண்டங்காக்கை, காகம் எனப் பொருள்படும். இறந்ததுபோற் கிடந்து பறவைகளைப் பிடிக்கும் நரியின் கதை இடைக்கால ஐரோப்பாவின் விலங்கு நூல்களிலே பரவலாக வழங்கியதொன்று.

மரபுச் சொத்தை நாடி முதியோரைச் சூழ்ந்து திரியும் வழக்கம் ஜோன்சன் கற்பனையில் உதித்ததன்று. பண்டை உரோமாபுரியிலே அது ஒரு தொழிலாகவே விளங்கிற்று. மக்களற்ற செல்வர் தம் விருப்பம்போல் எவருக்கும் சொத்தை எழுதிவைக்கும் உரிமை பெற்றிருந்தமையால், அவரைச் சுற்றி முகமன் கூறுவோர் கூட்டம் பெருகிற்று. கி.மு. 18 ஆம் ஆண்டிலும் கி.பி. 9 ஆம் ஆண்டிலும் அகுஸ்தசு மன்னன் காலத்தில் இயற்றப்பெற்ற திருமணச் சட்டங்கள் மணமாகாதோரும் மக்களற்றோரும் பிறர் சொத்தைப் பெறுவதற்குத் தடைகள் விதித்தன. எனினும் அத்தொழில் ஒழிந்திலது. ஒராசு, பெத்திரோனியசு, உலூசியன் முதலிய ஆசிரியர்கள் அதனை எள்ளி எழுதினர். ஒராசின் அங்கத நூலிலே, வறுமையுற்ற உலிசசுக்குத் தைரேசியசு என்னும் குறிசொல்வோன் சொத்துச் சேர்க்கும் வழியைக் கற்பிக்கின்றான். கிழவன் காமுகனாயின், அவன் கேட்குமுன்னரே உன் மனைவி பெனலோப்பியைக் கொடுத்துவிடு என்பது அவன் கூறும் அறிவுரைகளுள் ஒன்று. கவிஞன் கேலியாக விடுத்த அவ்வொரு யோசனையை ஒரு மனிதன் மெய்யாகவே செய்யத் துணிந்தால் யாது நிகழும் என்னும் வினாவுக்கு விடையாக அமைந்தவனே கொர்வினோ.

அவனுடைய இயல்பை ஆசிரியர் படிப்படியாகக் காட்டுகின்றார். முதலில் அவன் கீழைத்தேசத்து முத்தொன்றையும் வைரமொன்றையும் கொண்டு வருகின்றான். அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு முத்துக்கள் பாரசீக வளைகுடாவிலிருந்தும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் சென்றன. இம்முத்து எக்கடலிற் பிறந்தது என்பதை நாடகம் கூறவில்லை. நோயாளிக்குக் காது கேளாது என்று மொஸ்கா சொன்னதும், கொர்வினோ அவன் செவியருகே நின்று இழிசொற்களைக் கத்துகின்றான். தலையணையால் மூச்சை அடக்கிவிடலாமா என மொஸ்கா வினவும்பொழுது, உன் விருப்பம்போற் செய், நான் போய்விடுகின்றேன் என்கின்றான். போகும்போது வன்முறை வேண்டா என்றும் சொல்லி வைக்கின்றான். குற்றத்தின் பயனை விரும்பிக் குற்றத்தின் காட்சியை மட்டும் வெறுக்கும் மனம் அது.

இரண்டாம் அங்கத்திலே அவனுடைய மற்றொரு முகத்தைக் காண்கின்றோம். வொல்போனே மருந்து விற்கும் தெருப் பண்டிதனாக வேடமிட்டு, கொர்வினோவின் மனைவி சீலியாவின் சாளரத்தின் கீழ் நின்று முழங்குகின்றான். இவ்வகைப் பண்டிதர்கள் வெனிசு நகரத்துச் சந்தைவெளியிலே மேடையிட்டு விற்றமையை, 1608 இல் அங்குச் சென்ற தொமசு கொரியற் என்னும் ஆங்கிலப் பயணி தம் நூலில் விரித்துரைத்துள்ளார். சீலியா கைக்குட்டையொன்றைக் கீழே எறிந்துவிடுகின்றாள். அவ்வொன்றுக்காகக் கொர்வினோ வாளை உருவி அவளை மிரட்டுகின்றான். சாளரத்தை அடைத்துவிடுவேன், தரையிலே கோடு கிழித்து அதனைத் தாண்டாது வைப்பேன் எனச் சூளுரைக்கின்றான். அச்சினம் தணியுமுன்னரே மொஸ்கா வருகின்றான். இளம்பெண்ணொருத்தி அருகிற் கிடந்தாலன்றி நோயாளி பிழையான் என மருத்துவர் கூறினர் என்றும், மருத்துவன் ஒருவன் தன் மகளையே தர முன்வந்துவிட்டான் என்றும் அவன் பொய் புனைகின்றான். கொர்வினோவின் மானம் அக்கணமே விலைபோகின்றது. முன்னர்ச் சொன்னதெல்லாம் சோதனைக்காகவே என மனைவியிடம் கூறி, நல்லாடை அணிந்து புறப்படுமாறு பணிக்கின்றான்.

காலையிலே கைக்குட்டைக்காக வாளெடுத்தவன் மாலையிலே மனைவியையே கொடுக்கத் துணிவது முரண்பாடு போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு வெளிப்பாடுகளேயாம். சீலியா அவனுக்கு உடைமை. உடைமையைப் பிறர் தீண்டுதல் களவு. உடைமையைத் தானே முதலீடு செய்தல் வாணிகம். அவள் மறுத்தபோது, மயிரைப் பற்றித் தெருவில் இழுப்பேன், வாயைக் கிழிப்பேன் என்று மிரட்டுகின்றான்; மிரட்டல் பலியாதபோது நகையும் ஆடையும் தருவதாக ஆசை காட்டுகின்றான். மிரட்டலும் விலையுமன்றி வேறு மொழி அவன் அறியான்.

இங்ஙனம் கொடுமை செய்பவன் எவ்வாறு இத்துணை எளிதில் ஏமாறுகின்றான்? மெலியாரை அடக்கிப் பழகியவன், தன்னைப் பிறர் அடக்குதல் இயலாதென நம்புகின்றான். மனைவியின் ஒவ்வொரு சொல்லையும் ஐயுறுபவன், தன் ஆசைக்கு இசைவான சொல்லை ஒருபோதும் ஐயுறுவதில்லை. மொஸ்கா பெரிய பொய்யெதனையும் கூறவேண்டியதில்லை. வேறொருவன் முந்திவிடுவான் என்னும் அச்சத்தை மட்டும் ஊட்டினாற் போதும். அவ்வச்சம் காரணமாகவே கொர்வினோ ஆளனுப்புமுன் மனைவியை அழைத்து வந்துவிடுகின்றான். அங்கே மறைந்திருந்த பொனாரியோ என்னும் இளைஞன் அவளைக் காப்பாற்றுகின்றான். ஏமாந்தவனின் பேராசை ஏமாற்றினவரின் சூழ்ச்சியையும் குலைத்துவிடுகின்றது.

இந்நாடகம் எழுதப்பெற்ற காலம் இலண்டனின் வாணிகம் விரிந்த காலம். 1571 இல் அரச வணிக மாளிகை திறக்கப்பெற்றது. 1600 டிசம்பர் 31 இல் கிழக்கிந்தியக் கம்பனி அரச சாசனம் பெற்றது. கப்பலையும் சரக்கையும் காணாமலே, வருங்கால ஆதாயத்தை நம்பிப் பணமிடும் வழக்கம் பெருகிக்கொண்டிருந்தது. சாவை நம்பி முத்தும் வைரமும் இடும் கொர்வினோவை அரங்கிலிருந்தோர் அயலவனாகக் கருதியிரார். ஜோன்சன் 1605 இல் 'கிழக்கு நோக்கி' என்னும் கூட்டு நாடகத்தின் பொருட்டுச் சிறைப்பட்டவர்; ஆதலின் வெனிசு என்னும் திரை அவருக்குப் பாதுகாப்பாகவும் அமைந்தது எனலாம்.

அத்திரையை அவர் கவனமாகவே நெய்தார். வெனிசு அரசியலமைப்புப் பற்றிக் கொந்தரினி எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1599 இல் வெளிவந்திருந்தது. இத்தாலிய மொழியறிஞர் யோன் புளோரியோ அவருடைய நண்பர். அந்நகரத்து அவகதோரி என்னும் நீதியதிகாரிகள் மூவர். ஜோன்சன் தம் மேடையில் நால்வரை அமர்த்தினார். அவர் முன்னே கொர்வினோ தன் மனைவி கற்பிழந்தவள் எனப் பொய்ச்சான்று கூறுகின்றான். கூறிவிட்டு, இதில் எனக்கு இழிவொன்றுமில்லையே என மொஸ்காவின் காதில் வினவுகின்றான். உடைமையைக் காத்தற்கெனப் பேசிய மானம், உடைமையைப் பெருக்குதற்காக ஊரறிய விற்கப்படுகின்றது. நாடகத்தில் நகைப்பு நின்று நெஞ்சு கனக்கும் இடம் இதுவேயாம்.

இறுதியில் வஞ்சனை வெளிப்படுகின்றது. வொல்போனேயின் பொருள் தீராநோயாளர் மருத்துவமனைக்குப் போகின்றது. அம்மருத்துவமனை 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிசிலே மெய்யாகவே நிறுவப்பெற்றது. மொஸ்கா கசையடிபட்டுத் துடுப்புவலிக்கும் அடிமையாகின்றான். கொர்வினோ கழுதைச் செவி பொருந்திய குல்லாய் அணிந்து பெருங்கால்வாய் வழியே படகில் உலாவரவும், பின்னர்த் தண்டனை மேடையில் நின்று அழுகிய பழமும் மீனும் முட்டையும் கொண்டு எறிபடவும் தீர்ப்பளிக்கப்படுகின்றான். சீலியாவோ மும்மடங்கு சீதனத்துடன் தந்தை இல்லத்துக்கு அனுப்பப்படுகின்றாள். வெனிசு வழக்கிலே சீதனம் பெண்ணின் உரிமை. மணவாழ்வு முடியின் அது திரும்பவேண்டும். அவளை விலைப்பொருளாக்கியவன் அவளுக்கே மும்மடங்கு கொடுக்கும் கடனாளியாகின்றான். எனினும் அவள் பட்ட அவமதிப்பை நீதிமன்றம் பொன்னாலேயே அளக்கின்றது என்பதையும் மறத்தல் ஆகாது. கொடியோனைத் தண்டித்த நீதியும் அவனுடைய அளவுகோலைக் கைவிடவில்லை.

1607 இல் நூல் அச்சேறியபொழுது, ஜோன்சன் அதனை ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் இரண்டுக்கும் உரிமையாக்கி, கவிஞனின் கடமை மாந்தரை நன்னெறியில் ஒழுகச் செய்தலே என முகவுரையில் நிறுவினார். நெடுங்காலம் மேடை காணாதிருந்த இந்நாடகம் 1921 இல் இலண்டனில் மீண்டும் நடிக்கப்பெற்றது. 1926 இல் ஸ்தெபான் சுவைக் அதனை ஜெர்மன் மொழியில் மாற்றியமைத்து, அன்பற்ற நகைச்சுவை நாடகம் எனப் பெயரிட்டார். அன்பின்மை என்னும் அச்சொல் கொர்வினோவுக்கே மிகப் பொருந்தும். பிறரை அடக்கி ஆள்பவன் வலியன் என உலகம் கருதும். தன் ஆசைக்கு அடிமைப்பட்டவனை ஓர் ஈயும் அடக்கி ஆளும் என்பதை இந்நாடகம் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நினைவூட்டி வருகின்றது.