மெயின்பிரேமின் வாடகையும் சிறுசேரியும்

1969 ஜூனில் ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனி விலை அறிவித்தது. அதுவரை அது இயந்திர வாடகைக்குள் அடக்கம். 1976இல் தோன்றிய சாஸ் நிறுவனம் புள்ளியியல் மென்பொருளை ஆண்டு உரிமத்துக்கே கொடுத்தது. மெயின்பிரேம் எனும் பெருங்கணினியில் உரிமக் கட்டணம் பெரும்பாலும் இயந்திரத்தின் திறனைப் பொறுத்தது. வேலை கூடாவிட்டாலும், பெரிய இயந்திரம் வந்தால் செலவு ஏறும். வீட்டைப் பெரிதாகக் கட்டியவரிடம் பால்காரர் விலையைக் கூட்டிக் கேட்பது போன்ற விசித்திரக் கணக்கு.

இதிலிருந்து தப்ப, நிரல்களை யூனிக்ஸ் இயங்குதளத்துக்கும் பின்னர் லினக்ஸுக்கும் மாற்றுவதே ஒரு தொழிலானது. மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். 1974 வாக்கிலேயே பரோஸ் கணிப்பொறி நிரல்களை மாற்றித் தந்தது. அதன் பெருவளாகம் இன்று செங்கல்பட்டு மாவட்டச் சிறுசேரியில், மாமல்லபுரம் செல்லும் பழைய சாலைப் பக்கம் இருக்கிறது.

மாற்றத்தில் சிக்கல் சிறியவற்றில்தான். மெயின்பிரேமின் எப்சிடிக் குறியீட்டு வரிசையில் ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னே எண்கள். யூனிக்ஸும் லினக்ஸும் பின்பற்றும் ஆஸ்கி வரிசையில் எண்கள் முன்னே. அறிக்கையின் வரிசையே புரண்டுவிடும். அதைச் சரிபார்க்கப் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்களில் இரண்டுக்கும் உரிமக் கட்டணம் கட்ட நேர்கிறது.